இருநூறு மீட்டர்

அந்தக் கருவியைச் சுவரில் ஓங்கி அடித்தாலும் உடையாது. மேலே ஜீப் ஏறினாலும் செயற்கைக்கோளிடம் கேட்டு, நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும். ராணுவப் பட்டறையில் பதினோரு வருடமாக அதைப் பழுதுபார்க்கிறவன் நான். எனக்கு மனிதர்களைவிட அதன்மேல் மரியாதை அதிகம்.

உள்ளே பொத்தான் அளவில் ஒரு பேட்டரி உண்டு. அதை மாற்றினால் பதிந்து வைத்ததெல்லாம் அழிந்து, கம்பெனியிலிருந்து வந்தபடி ஆகிவிடும். எங்கள் படையின் வரைபடங்களோ பழைய நில அளவையில் போட்டவை, கம்பெனி வைப்பது புதியது. ஒவ்வொரு கருவியிலும் அந்தப் பழைய அளவையைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால், காட்டும் இடம் இருநூறு மீட்டர் தள்ளிப்போகும்.

அன்று முப்பது கருவிகளுக்குப் பேட்டரி மாற்றினேன். நாலு மணிக்கே அவற்றை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரன் வாசலில் ஹாரன் அடித்து உயிரை வாங்கினான். கடைசி ஆறுக்கும் அளவையை மாற்றாமல் படிவத்தில் டிக் மட்டும் போட்டேன். பிறகு போன் செய்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. சோம்பேறித்தனம், வேறு என்ன.

ஒன்பதாம் நாள், ரோந்துக் குழுத் தலைவரான என் தங்கையின் கணவர், கருவி காட்டிய எண்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்து, இது பத்திரமான பாதை என்று நம்பி நடந்தார். எங்கள் ஆட்களே புதைத்த கண்ணிவெடிகள். அவரோடு இன்னும் இரண்டு பேர் செத்தார்கள். என்னை வம்புக்கு இழுக்காமல் ஒரு வாய் சோறு சாப்பிடமாட்டார் அந்த மனிதர்.

கருவி ஒரு கீறலோடு திரும்பியது. சோதிக்கச் சொல்லி என் மேசைக்கே அனுப்பினார்கள். திறந்து பார்த்தேன், கம்பெனி அமைப்பு அப்படியே இருந்தது. சரியான அளவைக்கு மாற்றி வைத்துவிட்டு, 'கோளாறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைவர் வரைபடத்தைத் தவறாகப் படித்தார் என்று விசாரணையை முடித்தார்கள்.

தங்கை விசாரணை முடிவு சொல்லி வந்த கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அவருக்கு மேப் பாக்கத் தெரியலன்னு எழுதியிருக்காங்கண்ணா. யார் என்ன வேணா எழுதட்டும், நீ சொன்னா நம்புறேன். மெஷின்ல ஏதாவது தப்பு இருந்துச்சா?"

"மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா."

அவள் வெகுநேரம் கடிதத்தை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ அந்த ரெண்டு பேர் வீட்டுக்கும் போய் மன்னிப்பு கேக்கணும். தனியா போக பயமா இருக்கு. நீயும் வர்றியா?"

சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.