ஆறு கோட்டிங் பச்சை

ஆறு வருடமாக அந்த வண்டி என் அண்ணன் கண்ணில் படவே இல்லை. நான் அதற்குப் பச்சை அடித்த பிறகுதான் பட்டது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குத்தான் வாய் நீளம் என்று நீங்களும் முடிவு கட்டிவிடுவீர்கள். நான் திரைச்சீலை தைப்பவள். சோபா உறையும் தைப்பேன். ஒரே ஒரு ஷட்டர் கடை, இரண்டு மெஷின். தைத்ததை வீட்டுக்கே கொண்டுபோய், சுவரில் ஓட்டை போட்டு, கம்பி மாட்டி, தொங்கவிட்டுக் காட்ட வேண்டும். எட்டடிக் கம்பியோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது பட்டவளுக்குத்தான் தெரியும்.

அந்த நேரத்தில் அண்ணன் புது கார் வாங்கினான். பழையதை எடுத்துக்கொள்ள ஆளில்லை.

"இரும்புக் கடைக்குத்தான் போடணும். வேணும்னா நீயே வெச்சுக்கோ" என்று சாவியை என் கையில் போட்டான்.

சாவி என்ன சாவி, வண்டி ஓடினால்தானே. கயிறு கட்டி இழுத்துக்கொண்டுதான் வந்தேன். மெக்கானிக் இரண்டு வாரம் அதன் வயிற்றைக் குடைந்தார்.

"பேரை மாத்திடலாமாண்ணா?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"அண்ணன் தங்கச்சிக்குள்ள என்னடி பேப்பர்" என்றான். அதைக் கேட்டு மனசு குளிர்ந்து போனது எனக்கு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பிறகு ஒருமுறை படிவம் வாங்கி, எல்லாம் நிரப்பி, கையெழுத்துக்காக அவன் வீட்டுக்கே போனேன். "அவர் குளிக்கிறார், இதுக்கு இப்ப என்ன அவசரம்" என்று அண்ணி என்னை வாசலோடு அனுப்பிவிட்டாள். அந்தப் படிவம் மூன்று வருடமாக வண்டியின் டேஷ்போர்டு பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

வண்டி ஓடியது. பார்க்கத்தான் சகிக்கவில்லை. ஒரு காலத்தில் வெள்ளை. இப்போது பாத்திரம் துடைத்த துணியின் நிறம். பெரிய குடியிருப்புகளில் காவலாளி என்னைக் கண்டதும் பின்வாசலைக் காட்டுவார். ஒரு வீட்டுக்கார அம்மா பால்கனியிலிருந்து வண்டியை எட்டிப் பார்த்தாள். அப்புறம் என் கையிலிருந்த துணி மாதிரிகளைப் பார்த்தாள். "தையல் சுத்தமா இருக்குமா?" என்றாள். இருபது வருடமாக ஊசி பிடித்த கை இது. வண்டியைப் பார்த்து என் தையலை எடை போடுகிறாள்.

பெயிண்டரிடம் கேட்டேன். அவர் சொன்ன விலைக்கு இதே மாதிரி இன்னொரு கிழட்டு வண்டியே வாங்கிவிடலாம். கடைசியில் ஸ்டிக்கர் கடைக்காரர்தான் வழி சொன்னார்.

"ரப்பர் பெயிண்ட் கொஞ்சம் கிடக்குக்கா. யாரோ ஆர்டர் குடுத்துட்டு, பச்சை பிடிக்கலேன்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. பாதி விலைக்கு எடுத்துக்கோங்க. ஆனா கஞ்சத்தனம் பண்ணாம ஆறு கோட்டிங் அடிக்கணும். அப்பதான் தோல் மாதிரி கெட்டியா உட்காரும். பின்னாடி வேணாம்னா அப்படியே உரிச்சும் எடுத்துடலாம்."

"நான் எதுக்கு வேணாம்னு சொல்லப் போறேன்" என்றேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை. பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். கண்ணாடிகளுக்குச் செய்தித்தாள் ஒட்டினேன். அவரிடமே ஸ்ப்ரே மெஷினை இரவல் வாங்கி, ஒவ்வொரு கோட்டிங்கும் காயும்வரை காத்திருந்து ஆறு கோட்டிங் அடித்தேன். சக்கரத்துக்கு வெள்ளிப் பூச்சு. டயரில் பட்டுவிடக் கூடாதே என்று பழைய சீட்டுக்கட்டை எடுத்து, டயருக்கும் இரும்புக்கும் நடுவில் சீட்டு சீட்டாகச் செருகினேன். மஞ்சளடித்துப் போன முன்விளக்கைப் பற்பசை போட்டே தேய்த்துத் தேய்த்துத் தெளிய வைத்தேன். சோபா வேலையில் மிஞ்சிய காப்பி நிற ரெக்ஸின் கடையில் நிறைய இருந்தது. பழைய சீட் உறையைத் தையல் தையலாகப் பிரித்து, அதையே அளவாக வைத்து வெட்டி, இரட்டைத் தையல் போட்டேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. ஆனால் அடுத்த வாரம் அதே காவலாளி எழுந்து வந்து முன்வாசலைத் திறந்துவிட்டார்.

சந்தோஷம் தாங்காமல் அண்ணன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அதுதான் நான் செய்த தப்பு. அண்ணன் மகன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தான். அண்ணி சீட்டைத் தடவிப் பார்த்தாள். காப்பி எல்லாம் கொடுத்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு காலை, கடை வாசலில் கம்பிகளை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். மூன்று பேரும் வந்து இறங்கினார்கள்.

அண்ணிதான் ஆரம்பித்தாள். "பையனுக்கு வேலை கிடைச்சிருக்கு. தினம் பஸ்ல போனா கசங்கிப் போயிடுவான். இந்த வண்டியும் இப்ப பாக்கிற மாதிரி இருக்கு."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். "உனக்கு வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கலாம்மா" என்றான்.

"என்ன ஏற்பாடு? மறுபடி பஸ்ஸா? நான் கம்பியைத் தூக்கிட்டுப் போகணும், இவன் கசங்கக் கூடாதா?"

"எதுக்கு இப்படிப் பேசறே. எப்படியும் வண்டி அவர் பேர்லதானே இருக்கு" என்றாள் அண்ணி.

எனக்கு உச்சி வரைக்கும் சூடு ஏறியது. இழுத்துவந்த கயிறு என்னுடையது. கழன்ற தோள் என்னுடையது. பேர் மட்டும் அவருடையதாம். இந்த வண்டி போனால் என் பிழைப்பு போயிற்று என்று அந்த மூன்று பேருக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் வந்திருக்கிறார்கள்.

"அண்ணா, நீ எனக்கு எந்த வண்டியைக் குடுத்தே?"

"இதைத்தான்."

"இது இல்லே. நீ குடுத்தது வெள்ளை."

உள்ளே போய்த் தையல் பிரிக்கிற பிளேடை எடுத்து வந்தேன். பானெட்டின் ஓரத்தில் லேசாக ஒரு கீறு போட்டு, நகத்தைக் கொடுத்து இழுத்தேன். ஸ்டிக்கர் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆறு கோட்டிங்கும் ஒரே தோலாக வந்தது. அடியிலிருந்த வெள்ளையும் அங்கங்கே கூடவே பெயர்ந்து, துரு பல்லை இளித்தது.

"இவளுக்கென்ன பைத்தியமா? நீங்க பாத்துக்கிட்டு நிக்கறீங்களே" என்று அண்ணி அண்ணனை உலுக்கினாள்.

"உங்க வண்டி பத்திரமா உள்ளேதான் இருக்கு அண்ணி. எடுத்துத் தரேன்."

பானெட் முடிந்தது. வலது பக்கம் போனேன். முன் கதவு, பின் கதவு. நான்கு ஞாயிற்றுக்கிழமையும் என் காலடியில் சுருண்டு கிடந்தன. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். அப்புறம் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டின் முதல் தையலில் பிளேடை வைத்தேன்.

"அத்தை, விடுங்க" என்றான் பையன். முகம் சிவந்திருந்தது. "அம்மா, எனக்கு வேணாம். இதுல எப்படி ஆபீஸ் போறது?"

அண்ணன் வந்து என் கையைப் பிடித்தான். "போதும்மா. நீயே வெச்சுக்கோ."

"இதையேதான் ஆறு வருஷத்துக்கு முன்னாடியும் சொன்னே."

டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து படிவத்தை எடுத்தேன். உரித்த பானெட்டின்மேல் விரித்து, பேனாவையும் வைத்தேன். அண்ணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணன் குனிந்து, சொரசொரப்பில் பேனா இடற இடறக் கையெழுத்துப் போட்டான். அந்த வாரமே வண்டி என் பேருக்கு வந்துவிட்டது.

"இன்னும் ரெண்டு டப்பா இருக்குக்கா, அடிச்சுடலாமே" என்று ஸ்டிக்கர் கடைக்காரர் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். நான்தான் அடிக்கவில்லை. இடது பக்கம் பளபளவென்று பச்சை, வலது பக்கம் துருவும் வெள்ளையும். இது என்ன புது டிசைனா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். அண்ணன் கையெழுத்துப் போட எவ்வளவு உரிக்க வேண்டியிருந்ததோ, அவ்வளவு உரித்தேன் என்று சொல்கிறேன்.

அண்ணன் வீட்டுக்கும் போகாமல் இல்லை. அதே வண்டியில்தான் போகிறேன். வெள்ளைப் பக்கம் அவர்கள் வாசலைப் பார்க்கிற மாதிரி நிறுத்துகிறேன்.