வண்டிக்கு அடியில் விரித்த தாள்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம்; வானில் மேகமில்லை, காற்றுமில்லை. அலுவலகக் காரின் அடியில் மூன்று நாள் விரித்துக் கிடந்த வெள்ளைத் தாளை விசாரணை அதிகாரி இரு விரல்களால் உருவி எடுத்தார். நான்கு மூலைகளிலும் அவருடைய சுருக்கொப்பம், நடுவில் ஒன்றுமில்லை.

“கறை இல்லை. கறை இல்லேன்னா கசிவு இல்லை. அப்புறம் தண்ணி எப்படிக் குறையும்? நீ ஊத்தவே இல்லை.”

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டி இன்ஜினைக் கொதிக்கவைத்தார் என்பதே ஓட்டுநர் மீதான குற்றச்சாட்டு. அவருடைய பதினேழாண்டுப் பணியை முடித்துவைக்கும் ஆணை தட்டச்சாகி, கையொப்பத்துக்காக மட்டும் காத்திருந்தது. முடிவு முன்னே, விசாரணை பின்னே என்னும் வரிசையை அந்த அலுவலகம் ஒருநாளும் மீறியதில்லை.

“தினமும் ஊத்தினேன் சார்.”

“அப்போ கார் குடிச்சிடுச்சா?”

“ஆமா சார், குடிக்குது,” என்றார் மெக்கானிக். ஓட்டுநரின் தங்கை கணவர் என்பதால் அவர் சொல்வது சாட்சியாகாது, கருத்தாகவே பதிவாகும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். “ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. இன்ஜின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு. அது விட்டுப்போனா தண்ணி தரைக்கு வராது. உள்ளே போய் வெள்ளைப் புகையா வெளியேறிடும்.”

“மூணு தடவை பரிசோதிச்சாச்சே?”

“மூணு தடவையும் இன்ஜினை நிறுத்திவச்சுல்ல பாத்தீங்க!”

“அது பாதுகாப்பு விதி.”

“பொணத்துக்குக் காய்ச்சல் பாத்தா இல்லைன்னுதான் சார் தெரியும்.”

ஓட்டுநர் மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்து இழுத்தார். “வாயைக் குறைங்க மாப்ள. என் வேலை போகப்போகுது.”

“சும்மா இருங்க மச்சான். பதினேழு வருஷம் வாயைக் குறைச்சு என்னத்தைக் கண்டீங்க?”

மெக்கானிக் ஆறிக் கிடந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்து விளிம்புவரை தண்ணீர் நிரப்பினார். ஓட்டுநர் உள்ளே ஏறி இன்ஜினைக் கிளப்பினார். சற்றைக்கெல்லாம் குமிழிகள் சரஞ்சரமாக எழுந்தன.

“பாருங்க சார், உள்ளே எரியுற வாயு தகட்டு வழியா தண்ணிக்குள்ள வருது.”

“குமிழி வேற, கசிவு வேற.” அதிகாரி தாளைப் பிடித்தபடியே ரேடியேட்டரின் மேல் குனிந்தார். “கசிவுன்னா என்னன்னா—”

“மச்சான், ஒரு மிதி மிதிங்க!”

தம் பணிக்காலத்தில் எந்த உத்தரவையும் ஓட்டுநர் அத்தனை முழுமனத்துடன் நிறைவேற்றியதில்லை. துருநிறத் தண்ணீர் பீறிட்டு எழுந்து அதிகாரியின் மூக்குக்கண்ணாடியையும் மீசையையும் சட்டையையும் தாளையும் பாகுபாடின்றி நனைத்தது.

அவர் முகத்தைத் துடைக்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கறை இருந்தது. விதி கேட்டதும் கறையைத்தான். அது கீழே சொட்டியதா, மேலே பீறிட்டதா என்பதைப் பற்றி விதிக்கு அக்கறையில்லை.

பழைய ஆணை கிழிக்கப்பட்டது. புதியதில் தட்டச்சர் ‘கரை காணப்பட்டது’ என்று அடித்துவிட்டதால் அது மறுபடியும் அடிக்கப்பட்டது. தாளில் கறை காணப்பட்டமையால் கசிவு உண்டு; ஓட்டுநர் குற்றமற்றவர், பணியில் தொடர்வார்; சாட்சித் தாளை நனைத்ததற்கு மெக்கானிக் மூன்று நாளில் விளக்கமளிக்க வேண்டும்.

மாலை நான்கேகாலுக்கு அதிகாரி கையொப்பமிட்டு, மை காயும்வரை ஊதி, ஆணையை நீட்டினார். ஓட்டுநர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.