கரிக்குள் இருந்த பச்சை

ஊட்டியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் பெனிஸும் தீபலட்சுமியும் ஒரே மேசையின் இரண்டு முனைகளில் வேலை பார்த்தார்கள். பெனிஸ் அருவங்காட்டுக்காரன். தேயிலையின் துவர்ப்புச் சத்தை அளப்பது அவனுடைய ஆராய்ச்சி. ஒளியைக் கொண்டு கரைசல்களை அளக்கும் நிறமாலைமானியும் அவன் பொறுப்பில்தான் இருந்தது. தீபலட்சுமி ஓவேலிப் பெண். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் வேலை. அவள் கையில் எடுத்திருந்த காரியம் துறையில் பாதிப் பேருக்கு விளங்கவே இல்லை.

அவளிடம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. அதில் கொஞ்சம் கறுப்புத் தூள். பார்வைக்கு அடுப்புக்கரிதான். ஆனால் அத்தனையும் கார்பன் குழாய்கள், ஒவ்வொன்றும் தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியது. ஒரே அணு கனமுள்ள கார்பன் தாளைப் பாய்போலச் சுருட்டினால் எப்படியிருக்கும், அப்படி. பாயை நேராகவும் சுருட்டலாம், கோணலாகவும் சுருட்டலாம். சுருண்ட விதத்தைப் பொறுத்துச் சில குழாய்கள் கம்பிபோல எந்நேரமும் மின்சாரத்தை விடும். மற்றவை குறைகடத்திகள், வேண்டும்போது விடும், வேண்டாதபோது நிறுத்தும். குப்பியில் இரண்டும் கலந்து கிடந்தன. அவளுக்குக் குறைகடத்திகள் மட்டும் தேவை. குளிர்பதனக் கிடங்குகளில் அம்மோனியா கசிந்தால் உடனே சொல்லும் ஒரு சிறிய உணர்கருவி செய்யப் பார்த்தாள். நடுவில் கம்பிக் குணமுள்ள குழாய்கள் சில புகுந்துவிட்டாலே கருவி அணையாது.

"கண்ணுக்கே தெரியாததை எப்படீங்க பிரிப்பீங்க?" என்று முதல் மாதமே பெனிஸ் கேட்டான்.

"அதுகளே பிரிஞ்சுக்கும்ங்க. அதுக்குத் தோதான இடத்த நாம குடுக்கோணும், அவ்வளவுதான்" என்றாள்.

தூளைச் சோப்புக் கரைசலில் கலக்கி, கடற்பாசியிலிருந்து எடுத்த ஜெல் மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழலில் ஊற்ற வேண்டும். கம்பிக் குணமுள்ளவை ஜெல்லில் ஒட்டாமல் கீழே இறங்கிவிடும். குறைகடத்திகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு வேறொரு கரைசல் விட்டு அவற்றைக் கழுவி எடுக்கலாம். வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரைகளில் இது கச்சிதமாக நடந்திருந்தது. இங்கே குழல் அடைத்துக்கொண்டது. வெள்ளை வெள்ளையாக நூல்கள் படிந்து ஒரு சொட்டும் இறங்காது. செப்டம்பரில் தொடங்கியவள், டிசம்பர் முடிவதற்குள் பதின்மூன்று முறை செய்துவிட்டாள்.

வழிகாட்டி ரவிக்குமார் நல்ல மனிதர். அவருக்கே பொறுமை போய்விட்டது. "வேற தலைப்பு எடுத்துக்கோம்மா. வருசம் வீணாப் போகுது."

"ஜனவரி முடிய விடுங்க சார்" என்று மட்டும் அவள் கேட்டாள்.

நானாக இருந்தால் அந்தக் குழலை அன்றைக்கே உடைத்திருப்பேன் என்று பெனிஸ் நினைத்துக்கொண்டான். அவளோ அடைத்த குழலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். பதின்மூன்று முறைக்கும் நாள், நேரம், வானிலை எல்லாம் எழுதியிருந்தாள். நல்ல வெயிலடித்த இரண்டு பகல்களில் மட்டும் குழல் பாதிவரை ஓடியிருந்தது.

"பெனிஸ், இந்தக் கட்டுரையில வெப்பநிலை எவ்வளவுன்னு பாருங்களேன்."

அவன் தேடிப் படித்தான். "அறை வெப்பநிலைன்னு போட்டிருக்குதுங்க."

"அவங்க அறை இருபத்தஞ்சு. நம்மது இப்ப எவ்வளவு?"

சுவரில் மாட்டிய வெப்பமானி பதினொன்று காட்டியது. அந்தக் குளிரில் சோப்பு கரைசலில் நிற்காமல் உறைந்து நூலாகிக்கொண்டிருந்தது. நான்கு மாதமாகத் தடுத்தது குளிர்தான், அதை மார்க்கெட்டில் மீன் வைக்கிற பெட்டி ஒன்றாலேயே சரிசெய்துவிடலாம் என்று அவளுக்கு அப்போதே தோன்றிவிட்டது. மறுநாள் மீன் கடையில் ஒரு தெர்மக்கோல் பெட்டி வாங்கி வந்தாள். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிகளில் வைக்கிற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியையும் ஒரு பல்பையும் உள்ளே பொருத்தி, முன்பக்கம் கண்ணாடி வைத்து, இருபத்திரண்டு டிகிரியில் நிறுத்தினாள். இரண்டு நாள் ஆய்வகக் கதவைத் திறந்தும் மூடியும் பார்த்தாள். பெட்டிக்குள் அரை டிகிரிகூட மாறவில்லை.

மூன்றாம் நாள் கரைசலை ஊற்றியபோது பெனிஸ் தன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். கறுப்பாக உள்ளே போனது, சிறிது நேரத்தில் கறுப்பாக இல்லை. செம்பழுப்பு நிறம் ஒன்று பிரிந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. மேலே ஜெல்லில் ஒரு பட்டை அசையாமல் நின்றது. அது பச்சை. சந்தேகமே வராத பச்சை. கரி என்று எல்லோரும் சொன்ன ஒன்றுக்குள் இவ்வளவு நாளும் இந்த நிறம் இருந்திருக்கிறது என்று நினைக்கையில் அவனுக்கு மெய் சிலிர்த்தது. தீபலட்சுமி குழலுக்குக் கீழே வைத்திருந்த குப்பியை மாற்ற மறந்து நின்றாள், அவன்தான் மாற்றினான்.

பச்சையைக் கழுவி எடுத்து அவனே அளந்தான். தொண்ணூற்றேழு சதவீதம் தூய்மை. ரவிக்குமார் வந்து பார்த்தார், முதல்வரிடம் சொல்லப் போய்விட்டார். துறையே அவள் மேசையைச் சுற்றி நின்றது.

மாலையில் எல்லோரும் போனபின் அவள் நிறமாலைமானி தந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒப்பீட்டுக்கு எதை வச்சீங்க?"

"தண்ணிதாங்க. எப்பவும் அதானே?"

"கழுவின கரைசலையே வச்சு ஒருக்கா அளக்கலாமுங்களா? அடிக்கோடு கொஞ்சம் சாஞ்ச மாதிரி தெரியுது."

கழுவின கரைசலும் கொஞ்சம் ஒளியை விழுங்கும், அதைக் கழிக்காமல் விட்ட தவறு அவனுடையது. மறுபடி அளந்தான். தொண்ணூற்றொன்று வந்தது. பெனிஸுக்கு முகம் சுருங்கிப்போனது. "இன்னிக்கே சொல்லணுங்களா? சார் முதல்வர்கிட்டவே சொல்லிட்டாரு."

"நாளைக்குச் சொன்னா அவருக்கு இன்னும் சங்கடமாயிரும்" என்று அவள் எழுந்து போனாள். பெனிஸும் கூடவே போனான். அளந்தவன் நான்தான் சார் என்று அவன் தொடங்குவதற்குள், "நாங்க ரெண்டு பேரும் கவனிக்கலைங்க சார்" என்று அவள் முடித்துவிட்டாள். ரவிக்குமார் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "சரிம்மா. நான் போய்ச் சொல்லிக்கிறேன்" என்றார்.

அடுத்த வாரம் அதே பச்சையை இன்னொரு புது ஜெல்லில் விட்டாள். அடியில் மறுபடி கொஞ்சம் பழுப்பு இறங்கியது. இம்முறை மூன்று தடவை அளந்தும் தொண்ணூற்றெட்டுக்குக் குறையவில்லை. அதில் ஒரு சொட்டை இரண்டு தங்க முனைகளுக்கு நடுவே உலரவிட்டுக் கருவி செய்தாள். அணை என்றபோது அது அணைந்தது. அம்மோனியாக் குப்பியின் மூடியைத் திறந்து அருகில் கொண்டுபோனதும் மின்னோட்டத்தைக் காட்டும் திரையில் கோடு சரிந்தது. மூடியதும் மெல்ல மேலே வந்தது.

"வேலை செய்யுதுங்க" என்றாள் தீபலட்சுமி. உடனே அம்மாவுக்குப் போன் செய்ய வெளியே போனாள்.

திங்கட்கிழமை காலை பெனிஸ் அலமாரியைத் திறந்து, முந்தின வருடம் தான் அளந்து வைத்திருந்த தேயிலை மாதிரிகளை எல்லாம் வெளியே எடுத்தான். ஒவ்வொன்றுக்கும் தேயிலை கலக்காத அதனதன் கரைசலையே ஒப்பீடாக வைத்து முதலிலிருந்து அளக்கத் தொடங்கினான். மத்தியானத்துக்குள் அவனுடைய மிக நல்ல எண்களில் இரண்டு இறங்கிப்போயின. பழைய எண்களின்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதியவற்றை எழுதிவிட்டு, அடுத்த மாதிரியை எடுத்தான்.