மே/பா சாரங்கபாணி பண்ணையார்

1972இல் நான் நைரோபியில், ங்காரா என்ற பேட்டையில் இருந்தேன். அந்தப் பெயர் என் வாயில் நுழையவே ஒரு மாதம் ஆனது. கீழே கடை, மேலே வீடு; தெரு முழுக்கக் குஜராத்திகளும் பஞ்சாபிகளும். யூனுஸ் பாயின் துணிக்கடையில் டைப் அடித்துவிட்டு, மாடியறையில் தனியாகச் சோறு பொங்கித் தின்பேன். பேச ஆளில்லாமல் சுவரோடு தமிழ் பேசியதும் உண்டு. சிரிக்காதீர்கள்.

ங்காராவில் தபால்காரர் வீடு தேடி வரமாட்டார். எனக்கு முதலாளியின் தபால் பெட்டிதான் விலாசம். யூனுஸ் பாய் என் கடிதங்களைப் பிரிக்காமல் மேசையில் வைப்பார். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலும் ஏறக்குறைய அப்படித்தான். எங்கள் தெருவுக்குள் தபால்காரர் கால் வைக்கமாட்டார். கடிதமெல்லாம் பண்ணையார் வீட்டில் விழும். அங்கே கணக்குப்பிள்ளை பிரித்து வாசித்துக் காட்டுவார். அம்மாவுக்கு ‘சவரியம்மாள், மே/பா சாரங்கபாணி பண்ணையார்’ என்று எழுதியே எனக்குக் கை பழகிவிட்டது.

அந்த வருஷம் அம்மாவின் கடிதம் வந்தது. ஊருக்கு வந்திருந்த தங்கை பாத்திமா மேரி எழுதிக்கொடுத்தது. பண்ணையாட்கள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறதாம். பண்ணையாரோ, அந்த மனையில் தனக்கு உரிமையில்லை என்று அம்மாவே ஒப்புக்கொள்வதாக ஒரு பத்திரத்தை நீட்டி, கைநாட்டு கேட்கிறாராம். “வைக்கவா, வேணாமாப்பா? நீ சொல்றதுதான்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. அப்பா உயிரைவிட்ட குடிசை அது. ‘வைக்காதே. அதிகாரி வந்து பட்டா கொடுக்கும்வரை வாசலைவிட்டு நகராதே’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பழக்கத்தில் அதே மேல்விலாசத்தை எழுதி, ஓடிப்போய்த் தபாலில் சேர்த்தேன். படித்த முட்டாள்.

ஐந்து வாரம் தினமும் யூனுஸ் பாயின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வேதாரண்யம் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் அது. எழுத்து தங்கையுடையது, பேச்சு அம்மாவுடையது.

“உன் கடுதாசியக் கணக்குப்பிள்ளை படிச்சுக் காட்டினாருப்பா. ஆண்டை சொல்றபடி கைநாட்டு வச்சிரும்மான்னு எழுதியிருந்தியாம். எனக்கு மனசே இல்ல. ஆனா நாலும் தெரிஞ்ச புள்ள, காரணமில்லாம சொல்லமாட்டான்னு வச்சிட்டேன். மறுவாரமே குடிசையப் பிரிச்சுட்டாங்க. இப்ப தங்கச்சி வீட்லதான் இருக்கேன். நீ வெசனப்படாத. நல்லா சாப்பிடு.”

“வீட்டில் எல்லாரும் சுகமா?” என்று யூனுஸ் பாய் கேட்டார். தலையாட்டினேன். அவருடைய பாஷையில் இதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. கீழே தெருவில் அத்தனை கூட்டம்; கட்டிப்பிடித்து அழ ஒருவர் இல்லை.

மாடிக்குப் போய் எழுத உட்கார்ந்தேன். நான்தான் சொன்னேன் என்றே அம்மா நம்பட்டுமா என்று நாலு தாளைக் கிழித்தேன். பிறகு எழுதினேன்: ‘அம்மா, வைக்காதே என்றுதான் எழுதினேன். அதைப் பண்ணையார் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான்.’

தங்கை அதை வாசித்துக் காட்டும்போது அம்மாவின் பக்கத்தில் நான் இருக்கமாட்டேன்.