செருப்பு மாட்டும் நேரம்

காலையிலிருந்து இர்ஷாதின் போன் துடித்துக்கொண்டே இருந்தது. கொச்சியிலிருந்து ஒருவர் அங்கே கொட்டும் மழையைப் பற்றி எழுதியிருந்தார். கோயம்புத்தூரில் ஒரு பெண்மணி தன் மகனுக்கு அம்மை இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருந்தாள். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு மேலாளர், சின்ன வயதில் பாபநாசத்தில் குளித்து ஜலதோஷம் பிடித்த கதையைப் பாதியில் நிறுத்தி, மீதியை அப்புறம் சொல்வதாக எழுதிவிட்டுப் போயிருந்தார்.

இவர்களில் ஒருவரைக்கூட அவன் நேரில் பார்த்ததில்லை. எல்லோரையும் லிங்க்டினில் அவனாகத் தேடிப்பிடித்து எழுதியிருந்தான். சென்னை கம்பெனி ஒரே வீடியோ அழைப்பில் அவன் குழு முழுவதையும் வீட்டுக்கு அனுப்பிவிட, அவன் சொந்த ஊரான மேலப்பாளையத்துக்குத் திரும்பி வந்து, முன்பின் தெரியாதவர்களுக்கு மெசேஜ் எழுதுவதையே வேலையாக வைத்துக்கொண்டிருந்தான். நூறு பேருக்கு எழுதினால் ஒருவர் பதில் போட்டாலே பெரிது என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள். இவனுக்கோ பாதிப் பேர் பதில் போட்டார்கள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காமலே எழுந்து வந்துவிடுகிறவன் அவன். இத்தனை பேர் தன்னோடு பேச விரும்புகிறார்கள் என்பது அவனுக்குள் ஒரு குறுகுறுப்பை உண்டாக்கியிருந்தது.

“காட்டுங்க பாப்போம்” என்று பூண்டு உரித்த கையைத் துடைத்துக்கொண்டு அவன் மனைவி நிலோஃபர் போனை வாங்கினாள். “யாரு இது, சிவசைலம்? ஹைதராபாத்து. பெரிய வேலைல இருக்காரு. மூணு வாரமாப் பேசுதீக.” விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். “‘அணையில தண்ணி எவ்வளவு?’ ‘நல்லா வருது அண்ணாச்சி.’ ‘சாப்பிட்டாச்சா?’ ‘ஆச்சு அண்ணாச்சி, நீங்க?’ ஏங்க, இதுல வேலைங்கிற வார்த்தை எங்கன இருக்கு?”

“அதப் பைய கேக்கணும்.”

“பையன்னா எப்ப? அவரு மக கல்யாணத்துல பந்தி பரிமாறும்போதா?”

இர்ஷாத் சிரித்தான். ஆனால் அவளிடமிருந்து போனை வாங்கி ஒவ்வொருவராகப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவரிடமும் கேட்டிருக்கவில்லை. வேலை போனதையே பாதிப் பேருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அவன் வளர்ந்த விதம் அப்படி. ஒரு வீட்டுக்குப் போனால் போன காரியத்தை எடுத்த எடுப்பில் சொல்வது மரியாதையில்லை. நலம் விசாரித்து, டீ குடித்து, வெயிலைத் திட்டி, எழுந்து வாசலுக்கு வந்து, செருப்பில் கால் நுழைக்கும்போதுதான், “வேற ஒண்ணுமில்ல, வந்தது என்னன்னா…” என்று ஆரம்பிக்க வேண்டும். அவனுக்கு நிலோஃபரைப் பெண் கேட்டுப் போன அவன் வாப்பா, ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மறு செருப்பைத் தேடும் சமயத்தில்தான் விஷயத்தைச் சொன்னார். அதுவரை அவர் வீட்டுமனை பார்க்க வந்தவர் என்றே நினைத்திருந்தார்கள். நிலோஃபர் வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

“மெசேஜுல வாசலும் கெடையாது, செருப்பும் கெடையாது” என்றாள் அவள். “நீங்க பாட்டுக்கு எல்லார் வீட்டுக்குள்ளயும் உக்காந்துக்கிட்டே இருக்கீக.”

சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். மறுநாள் வெள்ளிக்கிழமை என்று அவள் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

அவள் அண்ணன் யஹ்யா தம்மாமில் செல்போன் கடை வைத்திருக்கிறார். இர்ஷாதைத் தன் கடைக்குக் கூப்பிட்டு, விசாவுக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஜங்ஷனில் இருக்கும் டிராவல்ஸில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்க வருகிறவர்களிடம் பேச வேண்டும். இர்ஷாதின் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். யாரோ எழுதிய நிரலை எதிரில் வைத்துக்கொண்டு, அது எந்த இடத்தில் சறுக்கும் என்று மணிக்கணக்காகப் பேசாமல் இருந்து கண்டுபிடிப்பது. பேசாதவனுக்கென்றே உலகம் செய்துவைத்த வேலை அது. விட்டுப் போனால் திரும்ப அதற்குள் நுழைய முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. போகாதீர்கள் என்று நிலோஃபர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவள் சொல்லாததுதான் அந்த வீட்டில் இரைச்சலாக இருந்தது.

அவன் சிவசைலத்துக்கு எழுத உட்கார்ந்தான். ‘நல்லா இருக்கீங்களா’ என்று எழுதி அழித்தான். ‘மழை எப்படி’ என்று எழுதி அழித்தான். கடைசியில் ஒரே மூச்சில் எழுதினான்: ‘அண்ணாச்சி, எனக்கு வேலை போய்விட்டது. உங்கள் கம்பெனியில் டெஸ்டிங்குக்கு ஆள் எடுப்பதாகப் பார்த்தேன். என்னைப் பரிந்துரைப்பீர்களா?’ ரெஸ்யூமையும் சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான்.

அவர் பார்த்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக, அவருடைய குட்டிப் படம் கீழே வந்து உட்கார்ந்தது. பதில் வரவில்லை. அன்று முழுவதும் வரவில்லை. மெசேஜைத் திறந்து திறந்து பார்த்தான். தானே ஒரு நல்ல சிநேகத்தைக் கடை வாசலாக்கிவிட்டோமோ என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு, பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜங்ஷன் பஸ்ஸில் ஏறினான். கொக்கிரகுளம் தாண்டும்போது போன் அடித்தது. தெரியாத எண்.

“இர்ஷாதா? சிவசைலம் பேசுதேன் வே.”

பஸ் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் சிக்னலில் வண்டி நின்றதுதான் தாமதம், குதித்துவிட்டான். “ஏலே, சாவதுக்கு வேற பஸ் கெடைக்கலியா?” என்று கண்டக்டர் கத்தினார். இர்ஷாத் பாலத்துச் சுவர் ஓரமாக ஒதுங்கினான்.

“அண்ணாச்சி! நல்லா இருக்கீங்களா? சாப்…”

“நிறுத்தும் வே! சாப்பாட்டுக் கதையெல்லாம் முடிஞ்சுபோச்சு. மூணு வாரமாக் காத்துக்கெடக்கேன், இவரு எப்ப செருப்ப மாட்டுவாருன்னு.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம? உம்ம பேருக்குக் கீழயே பழைய வேலை முடிஞ்சாச்சுன்னு போட்டிருக்கு. நானும் உம்ம பக்கத்து ஆளுதான், விக்கிரமசிங்கபுரத்துக்காரன் வே. நீரு அணைத் தண்ணி, சாப்பாடுன்னே சுத்திக்கிட்டு இருந்தப்பவே வெளங்கிட்டு.”

“அப்ப நீங்களே கேட்டிருக்கலாமே, அண்ணாச்சி.”

“நல்லாச் சொன்னீரு. ‘உமக்கு வேலை இல்லியாமே’ன்னு ஒரு மனுசனக் கேக்கதா? எங்க வீட்டுல அப்படியா வளத்தாங்க?” எதிர்முனையில் சிரிப்பு. “சரி, கேளும். பதில் போடலியேன்னு நெனச்சிருப்பீரு. இங்கன ஹெச்.ஆரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். ஆள் எடுக்கத இன்னைக்குச் சாயங்காலத்தோட மூடுதாங்க. நாலு மணிக்கு உமக்கு இண்டர்வியூ. கதவைத் தொறந்துவிட்டாச்சு, உள்ள போயிப் பேசுதது உம்ம பாடு. இப்ப எங்க இருக்கீரு?”

“ஆத்துப் பாலத்துல.”

“பாலத்துல என்ன வே வேலை? ஓடும்!”

ஓடினான். எதிரே வந்த ஆட்டோவைக் கிட்டத்தட்ட மறித்தே நிறுத்தினான். சட்டைப்பையில் பாஸ்போர்ட் நெஞ்சோடு சேர்ந்து குதித்தது. வழியிலேயே நிலோஃபருக்குப் போன் செய்து, “மேஜையக் காலி பண்ணு” என்று மட்டும் சொன்னான். அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது லேப்டாப் திறந்திருந்தது. இஸ்திரி போட்ட சட்டை நாற்காலியில் தொங்கியது. பக்கத்து வீட்டு மிக்சிகூட நின்றிருந்தது. அவள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

திரையில் இரண்டு பேர் வந்தார்கள். குழுத் தலைவி ஒரு மராட்டியப் பெண். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன். மருந்துக் கிடங்குகளுக்கான தங்கள் மென்பொருளைக் காட்டி, எதை முதலில் சோதிப்பாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். இர்ஷாத் வழக்கம்போல் பேசாமல் பார்த்தான். அந்த அமைதி நீண்டது. கதவுக்குப் பின்னால் நிலோஃபரின் வளையல் ஒருமுறை ஒலித்து அடங்கியது. பிறகு அவன், மின்சாரம் போய் வரும் நேரத்தில் ஒரே மருந்துப் பெட்டி இரண்டு தடவை பதிவாக வழி இருக்கிறதே, அதைத்தான் முதலில் பார்ப்பேன் என்றான். இளைஞன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு கேள்விகள் வேகமாக வந்தன. இவனும் வேகமாகச் சொன்னான். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது.

“எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?” என்று கடைசியில் அந்தப் பெண் கேட்டாள்.

இர்ஷாத் புன்னகைத்தான். ஒன்றுமில்லை, நன்றி, ஹைதராபாத்தில் வெயில் எப்படி என்று சொல்ல வாய் திறந்தான்.

காலில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தான். கதவிடுக்கு வழியாக நிலோஃபர் துடைப்பத்தால் அவனுடைய செருப்புகளை மேஜைக்கடியில் தள்ளிவிட்டிருந்தாள். இரண்டையும், ஜோடியாக.

அவன் கால்களை அவற்றுக்குள் நுழைத்தான்.

“இருக்கிறது” என்றான். “இந்த வேலையை எனக்குத் தருவீர்களா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் ஒலியை அணைத்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. இளைஞன் தலையாட்டினான். அது ஆமாவா இல்லையா என்று புரியவில்லை. திரும்ப ஒலி வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு நேராக எங்களிடம் யாரும் கேட்டதில்லை. தருகிறோம். வரும் திங்கட்கிழமை சேர முடியுமா?”

திரை அணைந்ததும் நிலோஃபர் துடைப்பத்தோடே உள்ளே வந்தாள். அவன் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகத்தோடு நின்றாள்.

“சரி, அண்ணனுக்குச் சொல்லுங்க” என்றாள். “டிராவல்ஸ்ல காத்துக்கிட்டு இருப்பாங்க.”

தம்மாமுக்கு மணி போயிற்று. யஹ்யா எடுத்தார்.

“மச்சான், நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டாச்சா? அங்க வெயில் எப்படி?”

நிலோஃபர் துடைப்பத்தை ஓங்கினாள்.