முன்பாய்க்கு அளவெடுத்த நாள்

என் தம்பிக்குப் பெரிசு என்றால் உயிர். இந்த வருடப் பாய்மரப் படகுப் பந்தயத்துக்கு, படகின் முன்பக்கம் கட்டும் முன்பாயைப் புதிதாகத் தைக்கப் போன இடத்திலும், இருப்பதிலேயே பெரியதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அதை இழுக்க ஒரு பயில்வானையும் பிடித்து வைத்திருந்தான். பதினோரு வருடமாக முன்பாயின் கயிறு என் கையில்தான். போன வருடம் என் தோள்பட்டை மக்கர் பண்ண ஆரம்பித்ததிலிருந்து, "நீ கரையில இருந்து பாருக்கா" என்கிறான். நான் விடவில்லை, பட்டறைக்குக் கூடவே போனேன்.

படகுப் பாய் தைக்கும் அம்மாளை எல்லோரும் டெய்லர் என்போம். கேட்டதை வெட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும் ரகம் அல்ல. பட்டறையில் இருந்த ஒரு பெரிய பாயைக் கட்டச் சொல்லி, தானும் படகில் ஏறிக்கொண்டார். பயில்வான் இழுத்தான். நான் படகு சாயாமலிருக்கப் பாரத்துக்காக ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வாய் சும்மா இருக்குமா? "கொஞ்சம் விடு... இப்ப இழு..." என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பாவம், அவனும் சொன்னபடியெல்லாம் செய்தான். டெய்லர் படகு திரும்பும்போது மட்டும்தான் பாயைப் பார்த்தார். மற்ற நேரமெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டறைக்குத் திரும்பியதும் தம்பியிடம் கேட்டார். "பந்தயத்துல எத்தனை தடவை திரும்பணும்?"

"பதினெட்டு."

"பெரிய பாய் ஒவ்வொரு தடவையும் பாய்மரக் கம்பத்தைச் சுத்தி வரணும். இன்னைக்குத் திரும்பின ஆறு தடவையும் அங்கதான் மாட்டிக்கிச்சு. கம்பத்துக்கு முன்னாடியே நிக்கிற மாதிரி சின்னதா தைக்கிறேன். காத்து நிறையறதுக்குள்ள சட்டுனு இழுத்துட்டா பலமே வேண்டாம். உங்க அக்காவே போதும்."

"காத்து கம்மியா இருந்தா?"

"மத்த படகுக்குப் பின்னாடிதான் நிப்பீங்க. பொய் சொல்ல மாட்டேன்."

"அக்காவுக்குத் தோள் முடியாதுங்க. சும்மா முணுமுணுக்கத்தான்..."

"படகு ஓடினதே அந்த முணுமுணுப்புலதான் தம்பி. சுக்கான் புடிச்ச உங்களுக்குக் கேக்கல, எனக்குக் கேட்டுச்சு. பயில்வானை ஓரத்துல உக்கார வைங்க."

தம்பி திரும்பிப் பயில்வானைப் பார்த்தான். எனக்கோ அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. பதினோரு வருடத்தில் ஒருத்தர்கூட இதைக் கவனித்ததில்லை. அவர் அதற்குள் அளவெடுக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்.

"வலிக்காம கை எதுவரைக்கும் வரும்? கயிறு அந்த உயரத்துலதான் உங்களுக்கு வந்து சேரணும்."

டாக்டரிடம்கூட நான் உண்மையைக் காட்டியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே தூக்கிவிடுவேன். அன்று வலி தொடங்கிய இடத்திலேயே நிறுத்தினேன். நெஞ்சு உயரம்கூட இல்லை.

"இவ்வளவுதான்" என்றேன்.

டேப்பின் மறுமுனையைத் தம்பி வந்து பிடித்துக்கொண்டான்.