சத்தியதாஸ் எங்கள் வீட்டில் இருந்த ஐந்து மணி நேரம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். என் அப்பாவின் தங்கை செல்லபாய் மாமி. அவளுடைய ஒரே மகனின் சவப்பெட்டியைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். எல்லோரும் பதறினார்கள். நான் மனதுக்குள் ஒரு வாக்கியத்தை அமைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியம் மறந்துவிட்டது. அமைத்தது மறக்கவில்லை.

என் பெயர் ரெஜிலா. நெய்யாற்றின்கரையில் பள்ளிக்கூட ஆசிரியை. எப்போதாவது கதை எழுதுவேன்.

2

முதல் தொடக்கம்: "குளத்தூருக்கு மேலே வானம் கறுத்து" (இல்லை. அன்று சுள்ளென்ற வெயில்.)

இரண்டாவது: "ஒரு தாயின் கண்ணீர்" (மாமி அப்போது அழவே இல்லை.)

நடந்ததையே சொல்கிறேன். மாமியின் மகன் ஜினு வளைகுடாவில் ஏசி மெக்கானிக். இருபத்தொன்பது வயது. வேலை முடிந்து அறையில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் மாமியின் கணவர் பொன்னுதாஸ் மாமா மஞ்சள்காமாலையில் இறந்திருந்தார். ஜினு இறந்த பதினோராம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு ஆம்புலன்ஸ் அமரவிளை தாண்டிவிட்டதாக போன் வந்தது. கல்லறைத் தோட்டத்தில் குழி தயார். சபைப் போதகர், நாங்கள் ஐயர் என்போம், அங்கி போட்டு நின்றார்.

பெட்டியைக் குளத்தூர் வீட்டுப் பந்தலில் இறக்கினார்கள். மேலே ஒட்டிய தாளில் ஜினுவின் பெயர் இருந்தது. மூடியைத் திறந்து முகத்துணியை விலக்கினார்கள்.

மாமி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"இது எனக்க பிள்ளை இல்ல."

சபைச் செயலாளர் விஜயதாஸ் அவள் தோளைப் பிடித்தார். "ஐஸில வச்சா முகம் மாறும் அக்கா. கொஞ்சம் மனசத் தேத்து."

"எடது காதப் பாருங்க. சின்னதில நாய் கடிச்சு மடல் ரெண்டாப் பிளந்து கெடக்கும்."

பார்த்தார்கள். காது முழுசாக இருந்தது. காதோர முடி நரைத்திருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர். குளிர்ப்பெட்டிக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்த ஆள் அதைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

3

ஒன்றரை மணி நேரம் போன்கள். அதை விவரமாக எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். கடைசியில் வந்த செய்தி இதுதான். இரண்டு பெட்டிகளிலும் பெயர் மாறிவிட்டது. இவர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், இந்து. இவருடைய பெயரில் ஜினு ஆறு நாள் முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறான். முகம் பார்க்கிற நிலையில் இல்லை, துணியைப் பிரிக்க வேண்டாம் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பிரிக்கவில்லை. எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்தும் ஆகிவிட்டது.

விஜயதாஸ் இதை மாமியிடம் சொல்லும்போது பாதியில் மலையாளத்துக்குப் போய், திரும்பித் தமிழுக்கு வந்து, ஒன்றிலும் முடிக்க முடியாமல் நின்றார். மாமிக்குப் புரிந்தது.

அவள் கேட்டது: "இந்த மனுசனுக்க பேரு என்ன?"

(இங்கே என் பாத்திரத்தை நானே சந்தேகப்படுகிறேன். ஒரு தாய் அப்படிக் கேட்பாளா? முதல் பிரதியில் அவளைத் தரையில் விழவைத்து, மார்பில் அடித்துக்கொள்ளவைத்தேன். வாசிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் அவள் விழவில்லை. பெயரைத்தான் கேட்டாள்.)

"சத்தியதாஸ்" என்றார் விஜயதாஸ்.

மாமி நாற்காலியை இழுத்துப் பெட்டியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

4

போலீஸ் காகிதம் வரும்வரை அவரை அனுப்ப முடியாது. ஐயர் மாமியின் அருகில் வந்து, ஜெபிக்கட்டுமா என்று கேட்டார். மாமி அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஐயரே, மண்ணுக்குள்ள கெடக்கவங்கள எழுப்புவாருன்னு சொல்லுவிய. ஆத்தில போன சாம்பலயும் எழுப்புவாரா?"

ஐயர் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு, "எழுப்புவாரு அம்மா" என்றார்.

"கொஞ்சம் யோசிச்சுத்தான் சொன்னிய" என்றாள் மாமி. குற்றம் சொல்லும் குரல் இல்லை அது.

அந்த நிமிடத்தில்தான் எனக்குள் ஏதோ ஒன்று

(இந்த வாக்கியத்தை நான்கு முறை முயன்றேன். முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

5

இரண்டு மணிக்குச் சத்தியதாஸின் மனைவி பங்கஜாட்சி போன் செய்தாள். மாமி ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"சேச்சி, ஞங்ஙள் அறிஞ்ஞில்லா சேச்சி." தெரியாது, தெரியாது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மாமியும் மலையாளத்தில் கேட்டாள். "தீ வெச்சது ஆரா?" தீ வைத்தது யார்?

"எனிக்கு ஆண்மக்கள் இல்லா. மோள், பிந்துஜா." மகன் இல்லாததால் மகள் வைத்திருக்கிறாள்.

"ஆரெங்கிலும் கரஞ்ஞோ?" யாராவது அழுதார்களா?

"எல்லாரும் கரஞ்ஞு சேச்சி. மோள் மூணு திவசம் ஒந்நும் கழிச்சில்லா."

மூன்று நாள் ஒருத்தி சாப்பிடவில்லை. ஜினுவுக்காக என்று தெரியாமலே.

அப்போதுதான் மாமி அழுதாள். போனைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத மனிதரின் பெட்டியில் நெற்றியை வைத்து அழுதாள். பிறகு தமிழிலேயே சொன்னாள்: "நீ பயப்படாத மக்கா. உனக்க ஆளு இங்க ஒத்தைக்கு இல்ல. நான் கூட உண்டு."

பங்கஜாட்சிக்குத் தமிழ் புரிந்ததா என்று தெரியவில்லை. அவளும் அழுதாள்.

மூன்று மணிக்குப் பெட்டி கிளம்பியது. வெட்டிய குழியை மறுநாள் மூடினார்கள், வெறுமனே.

6

அடுத்த ஞாயிறு மாமியைச் சபைக் கோவிலுக்கு நான்தான் கூட்டிப்போனேன். விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லோரும் எழுந்தோம். சரீரம் உயிர்த்தெழும் என்கிற வரி வந்தபோது பக்கத்தில் மாமியின் குரல் நின்றது. அடுத்த வரியில் சேர்ந்துகொண்டது.

திரும்பும் வழியில், அந்த வரியை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வாயில வரல மக்கா. வராததச் சொன்னா பொய்யில்லியா. அவரு முன்னால நின்னு பொய் சொல்லப்பிடாது."

"பின்ன எதுக்கு மாமி போறிய?"

"அவருகிட்ட சண்டை போடணும்னாலும் அவருக்க வீட்டுக்குத்தானே போகணும். எனக்கு வேற யாரு உண்டு?"

மாமி அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. நான் பாடகர் குழுவில் பன்னிரண்டு வருடம் பாடியவள். அந்த ஞாயிறோடு நின்றுவிட்டேன். இழந்தவள் போகிறாள், பக்கத்தில் நின்று பார்த்தவளால் முடியவில்லை.

7

முடிவுகள் இரண்டு எழுதினேன். இன்று ஞாயிறு. காலையில் மாமியின் வீட்டுக்குப் போய் முழுக்கதையையும் வாசித்துக் காட்டினேன். முதல் முடிவில், ஒரு ஞாயிறு அவள் அந்த வரியைச் சத்தமாகச் சொல்கிறாள்.

"அது நடக்கல லா."

இரண்டாவதில், அவள் வேதப்புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறாள்.

"அதும் நடக்கல."

"அப்ப எப்பிடி மாமி முடிக்க?"

"நீ எதுக்கு முடிக்கணும்? எனக்கே இன்னும் முடியல."

கோவிலில் இரண்டாம் மணி அடித்தது. மாமி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "எனக்கு நேரமாச்சு. வாறியா?"

வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.